ரெஸ்டோரான் சன்னாசி

ஜெலுத்தோங் சாலையில் அந்தக் கிடங்குக்குள்
ஓர் ஆளுக்கென்று எதுவும் கிடையாது.
கரண்டி என்றால் ஒரு டஜன்.
மஞ்சள்தூள் என்றால் மூன்று கிலோ.
பொரிக்கும் சட்டியில் என் மகனைப் படுக்கவைத்துத் தாலாட்டலாம்;
அவனுக்கு இருபத்திரண்டு வயது.

நான் ஓர் அகப்பை வாங்கத்தான் போனேன்.
பேரங்காடியில் விற்கும் அகப்பைகள்
சோற்றைக் கண்டதும் கழுத்தைத் தொங்கப்போடுகின்றன.
இங்கே கொக்கியில் தொங்குபவை வேறு வம்சம்,
முந்நூறு பேருக்குச் சாம்பார் கிளறியும்
முதுகு வளையாதவை.

மூக்கு நுனியில் கண்ணாடியோடு தவுக்கே கூ
பில் புத்தகத்தில் கார்பன் தாளைச் சொருகி
நிமிராமல் கேட்டார்:
"கெடாய் அப்பா?"

என்ன கடை என்பதுதான் கேள்வி.
ஐம்பது வருடமாக மலாய் பேசுகிறவள் நான்.
ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும்
இடுப்பில் சாவிக்கொத்து, கையில் சரக்குப் பட்டியல்.
வீட்டுக்கு என்று சொல்ல நாக்குக் கூசியது.
அந்தக் கடைசிச் சொல் மட்டும் தமிழாகக் காதில் விழ,
"சன்னாசி" என்றேன்.

ரெஸ்டோரான் சன்னாசி என்று எழுதி
பதினைந்து விழுக்காடு கழித்துக்கொண்டார்.

அப்பா கேட்டிருக்க வேண்டும்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர்.
அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று
தெரியாமலே போய்ச் சேர்ந்தவர்.
எங்கள் சமையலுக்கு முப்பது வருடமும்
அவர் சொன்ன விமர்சனம் ஒரே சொல்:
உப்பு.
கூடவா, குறையவா என்பது
எங்கள் ஊகம்.

பிறகு மாதம் ஒருமுறை போனேன்.
வியாபாரம் எப்படி என்பார் கூ.
சுமார்தான் என்பேன்;
கடைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
பள்ளி விடுமுறையில் பரவாயில்லை என்று
ஒருநாள் தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆயிர் ஈத்தாமில் எட்டாவது மாடி.
நானும் தவநேசனும்.
மகன் சனிக்கிழமை சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்தால்
ஹவுஸ்ஃபுல்.
நாற்பது லிட்டர் பானை
இரண்டு அடுப்பையும் மூடி உட்கார்ந்துகொண்டு
மூன்றாவது எங்கே என்றது.
மஞ்சள்தூள் தீர்வதற்குள் ஒரு வருடம் போனது.
அந்த வருடம் தவநேசன் கையெழுத்திட்ட
காப்புறுதிப் பாரங்களில் எல்லாம்
ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

தீபாவளிக்கு முந்திய வாரம்
இருபது கிலோ வெங்காயம். தூக்க முடியவில்லை.
லோரியில் அனுப்புகிறேன், முகவரி கொடு என்றார் கூ.
பொய்க்கு ஏது முகவரி?
வீட்டு எண்ணைத்தான் எழுதினேன்.

அன்றைக்கு லிஃப்ட் ஆறாம் மாடிக்கு மேல் ஏறவில்லை.
வங்காளதேசத்துப் பையன் ஷொஹாக்,
தோளில் மூட்டையோடு, வாசலில் மூச்சு வாங்கியபடி
உள்ளே பார்த்தான்.
சோபா. சோபாமேல் மடிக்காத துணி.
சுவரில் மாலைக்குள் முதலாளி சன்னாசி.
"ரெஸ்டோரான்?" என்றான்.

உட்கார் என்றேன்.
துணிகளை அள்ளி நாற்காலிக்கு மாற்றினேன்,
பிறகு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு.
காலையில் வைத்த கெம்போங் மீன் குழம்பு இருந்தது.
மூன்று முறை சோறு கேட்டான்.
கேட்டான் என்றால், தட்டை
ஒரு விரற்கடை நகர்த்தினான்.

கை கழுவி வந்தவன்
சட்டைப்பையிலிருந்து ஐந்து ரிங்கிட்டை எடுத்து
மேசைமேல் வைத்தான்.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
வாங்கி, மீதி ஒரு ரிங்கிட்டைத் தேடிக் கொடுத்தேன்.

போன வாரம் சல்லடை வாங்கப் போனபோது
கூ முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார்.
"பையன் சொன்னான். உன் கடையில் நல்ல கூட்டமாம்.
நாற்காலி காலியாகும்வரை நின்றானாம்."

மூட்டைகளுக்கு நடுவில் ஷொஹாக்
எதையோ மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

"சாப்பாடு நல்லா இருந்ததாம்.
ஆனால் உப்புதான்..." என்றார்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது.